வளர்ச்சிப் பொருளியல் செமினார்களும் மாநாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முனைவர் பட்ட மாணவர்கள், கள ஆய்வு உதவியாளர்கள், தொண்டு நிறுவனங்களில் திட்ட மதிப்பீடு செய்பவர்கள் என்று பலரும் வளர்ச்சிப் பொருளியல் (ஏழை நாடுகளின் வறுமை, கல்வி, வருமானம் போன்றவற்றை ஆராயும் துறை) கூட்டங்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது. சில கேள்விகளுக்கு இரண்டு வரியே அதிகம், சிலவற்றில் நான் கொஞ்சம் நீட்டி முழக்கியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செமினார், மாநாடு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பல்கலைக்கழகத் துறைகளில் வாராவாரம் நடப்பது செமினார். வெளியிலிருந்து ஒருவரை அழைப்பார்கள், அவர் ஒரே ஒரு கட்டுரையைப் பற்றி 75 முதல் 90 நிமிடம் பேசுவார். முதல் ஸ்லைடிலேயே கை தூக்காமல்கூடக் குறுக்கே கேள்வி கேட்பது பொருளியலில் வழக்கம், வேறு துறைகளிலிருந்து வருபவர்கள் இதைப் பார்த்து ஆடிப்போவார்கள். பேச வந்தவர் அன்று முழுக்கத் துறையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக, அரை மணி நேரம் அரை மணி நேரமாகத் தனியே சந்திப்பார். பல சமயம் செமினாரைவிட அந்தச் சந்திப்புகளில்தான் விஷயம் கிடைக்கும்.

மாநாட்டில் ஒரே அமர்வில் மூன்று நான்கு கட்டுரைகள், ஆளுக்கு 15, 20 நிமிடம். பக்கத்து அறைகளில் அதே நேரத்தில் வேறு அமர்வுகள் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே உங்கள் பேச்சுக்கு எட்டுப் பேர் வந்தால் கவலைப்படாதீர்கள்.

இவை தவிர பிரவுன் பேக் என்று ஒன்று உண்டு. மதிய இடைவேளையில் சொந்தத் துறை ஆட்கள் முன்னால் அரைகுறை வேலையைப் போட்டுக் காட்டுவது. பழுப்புக் காகிதப் பையில் சாப்பாட்டைக் கொண்டுவந்து தின்றுகொண்டே கேட்பார்கள் என்பதால் அந்தப் பெயர். யாரும் இதைப் பெரிதாக மதிப்பதில்லை, சுயவிவரத்தில் போட்டுக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஒரு கட்டுரையின் தலையெழுத்தை மாற்றுகிற கேள்விகள் எனக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். காரணம் எளிது. மாநாட்டுக்குப் போகும்போது தரவெல்லாம் சேகரித்து முடிந்திருக்கும், பிரவுன் பேக்கில் இன்னும் கேள்வித்தாளே அச்சாகியிருக்காது. திருத்த வழி இருக்கும்போது வருகிற கேள்விக்குத்தான் மதிப்பு.

எந்தெந்த மாநாடுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்?

இந்தத் துறையில் எல்லோரும் பேசிக்கொள்ளும் பெயர்கள் சில இருக்கின்றன. அமெரிக்காவின் வடகிழக்குப் பல்கலைக்கழகங்கள் மாறி மாறி நடத்தும் என்.இ.யூ.டி.சி. இலையுதிர் காலத்தில் இரண்டு நாள் நடக்கும், முனைவர் மாணவர்கள் கூட்டம் அங்கே அதிகம். அதற்கு மேற்குக் கரை இணை மாதிரி பேக்டெவ். ஆப்பிரிக்கா பற்றி வேலை செய்கிறீர்கள் என்றால் ஆக்ஸ்ஃபோர்டில் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆய்வு மையமான சி.எஸ்.ஏ.இ. நடத்தும் வருடாந்திர மாநாடு. டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் டிசம்பர் வாக்கில் வளர்ச்சி, மேம்பாடு பற்றி ஒன்று நடத்துகிறது. ஹெல்சிங்கியில் இருக்கும் ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு நிறுவனமான வைடரும் மாநாடுகள் நடத்துகிறது. உலக வங்கியின் ஏ.பி.சி.டி.இ. மாநாட்டில் கொள்கை வகுப்பவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள், ஆனால் உங்கள் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு துல்லியம் என்று காட்டும் எண்) எத்தனை தசமத்தில் இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

வளர்ச்சிப் பொருளியல் ஆய்வாளர்கள் சேர்ந்து 2002இல் தொடங்கிய பிரெட் அமைப்பின் கூட்டங்கள் வேறு ரகம். கட்டுரைகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் நேரம் அதிகம், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நீங்கள் மேற்கோள் காட்டுகிறவர்கள். அமெரிக்காவின் தேசியப் பொருளியல் ஆய்வு அமைப்பான என்.பி.இ.ஆர். ஜூலையில் நடத்தும் கோடைக்கூட்டத்துக்குள் நுழைய அழைப்பு வேண்டும், ஆனால் சமீப ஆண்டுகளில் பல அமர்வுகளை யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள். வீட்டிலிருந்தே பாருங்கள். பெரிய ஆட்களும் தடுமாறுவார்கள் என்று தெரிந்துகொள்ளவாவது பாருங்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் அமெரிக்காவில் நடக்கும் ஏ.எஸ்.எஸ்.ஏ. மாநாடு பொருளியல் துறை முழுமைக்குமான திருவிழா. வேலை தேடுகிறவர்களுக்கு 2020 வரை நேர்காணல்களும் அங்கேதான், ஹோட்டல் அறைகளில் நடந்தன. கொரோனாவுக்குப் பிறகு நேர்காணல்கள் இணையவழிக்கு மாறிவிட்டன.

எதற்கு அனுப்புவது என்று கேட்டால், யார் வந்து உட்காருவார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். போன வருட நிகழ்ச்சி நிரலை எடுங்கள், உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வேலை செய்யும் நான்கு பேர் அதில் இருந்தால் அதுதான் உங்கள் இடம். பெயர் பெற்ற மாநாட்டில் தவறான அமர்வில் மாட்டிக்கொள்வதைவிட, முப்பது பேர் வரும் சின்னப் பயிலரங்கில் சரியான ஆட்கள் முன்னால் பேசுவது பல மடங்கு மேல்.

கட்டுரை இன்னும் முடியவில்லை. அனுப்பலாமா?

என்ன முடியவில்லை என்பதைப் பொறுத்தது. முக்கிய முடிவு கையில் இருக்கிறது, எழுத்து மட்டும் கோணல் மாணலாக இருக்கிறது என்றால் தாராளமாக அனுப்புங்கள். முடிவே வரவில்லை, "அதற்குள் வந்துவிடும்" என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது என்றால் வேண்டாம். கடைசித் தேதிக்கும் மாநாட்டுக்கும் நடுவில் நான்கைந்து மாதம் இருக்கும், ஆனால் கள ஆய்வில் மழை வரும், தேர்தல் வரும், கணக்கெடுப்பாளர் வேலையை விட்டுப் போவார். பல மாநாடுகள் முழுக்கட்டுரை கேட்கும், சில நீட்டிய சுருக்கம் போதும் என்று சொல்லும். அறிவிப்பை ஒழுங்காகப் படியுங்கள்.

அதே சமயம் ரொம்பவும் முடிந்துபோன கட்டுரையை எடுத்துக்கொண்டு போவதும் வீண். பத்திரிகையில் ஏற்றுக்கொண்டாயிற்று, இனி ஒரு எழுத்தும் மாறாது என்ற நிலையில் எல்லோருடைய கருத்தையும் வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்?

சுருக்கத்தில் என்ன எழுதினால் தேர்வாகும்?

தேர்வுக்குழுவில் இருப்பவர் ஒரே மூச்சில் நாற்பது, ஐம்பது படிப்பார் என்பதை மனதில் வையுங்கள். "வறுமை உலகின் முக்கியமான பிரச்சினை" என்று ஆரம்பித்தால் அவர் கண் அடுத்ததற்குப் போய்விடும். கேள்வி என்ன, எங்கே, எத்தனை பேரிடம் எப்போது திரட்டிய தரவு, காரணத்தை எப்படிப் பிரித்தறிகிறீர்கள், என்ன எண் வந்தது. இவ்வளவுதான். குறிப்பாக அந்த எண். "குறிப்பிடத்தக்க தாக்கம் இருந்தது" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும், எவ்வளவு என்று சொல்ல என்ன தயக்கம்?

நிராகரித்துவிட்டார்களே?

எல்லோருக்கும் நடப்பதுதான். பெரும்பாலும் காரணம் சொல்லமாட்டார்கள், நீங்களும் தோண்டாதீர்கள். அடுத்ததற்கு அனுப்புங்கள்.

15 நிமிடத்தில் இரண்டு வருட வேலையை எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது, அதனால் முயற்சியே செய்யாதீர்கள். என் முதல் மாநாட்டில் 15 நிமிடத்துக்கு 42 ஸ்லைடு கொண்டுபோனேன். பத்தாவது நிமிடத்தில் இன்னும் பிற ஆய்வுகளின் பட்டியலில்தான் இருந்தேன். அமர்வுத் தலைவர் "ஐந்து நிமிடம்" என்று அட்டையைத் தூக்கிக் காட்டியபோது முப்பது ஸ்லைடுகளைக் கடகடவென்று தள்ளி, முக்கிய அட்டவணையை நான்கு விநாடி காட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. அதுதான் தண்டனை, யாரும் திட்டுவதில்லை.

இப்போது நான் செய்வது இது. இரண்டாவது நிமிடத்துக்குள் கேள்வியும் பதிலும் வந்துவிட வேண்டும், ஆமாம், பதிலும்தான், இது துப்பறியும் கதை இல்லை. பிறகு களம் எப்படிப்பட்டது என்று ஒரு ஸ்லைடு. ஒப்பீடு எப்படி என்பதற்கு ஒன்றோ இரண்டோ, இங்கே அவசரப்படவே கூடாது. முக்கிய முடிவை அட்டவணையாகப் போடாமல் வரைபடமாகப் போடுவேன். அதில் எந்த அச்சு எது என்று வாயால் சொல்வேன், நீங்கள் ஆயிரம் முறை பார்த்த படத்தை எதிரில் இருப்பவர் முதல் முறையாகப் பார்க்கிறார். பிற ஆய்வுகளின் பட்டியல் வேண்டாம். மிச்சமெல்லாம் பின்னிணைப்பில் இருக்கட்டும், யாராவது கேட்டால் ஒரே சொடுக்கில் போக இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ஸ்லைடு தயாராக இருந்தது என்று தெரியும்போது அறையில் உங்கள் மேல் வரும் நம்பிக்கையே தனி.

என்ன மாதிரிக் கேள்விகள் வரும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். வளர்ச்சிப் பொருளியல் அறைகளில் கேள்விகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும், முன்கூட்டியே எழுதிவைத்துப் பழகலாம்.

தலையாயது, "எதோடு ஒப்பிடுகிறீர்கள்?" ஐடென்டிஃபிகேஷன் என்று இதைத்தான் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்வார்கள். இந்தோனேசிய அரசு 1970களில் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் கட்டியது. படிப்பும் கூலியும் கூடியதா என்று பார்க்க வேண்டும். பள்ளி அதிகம் கட்டிய ஊர்களையும் குறைவாகக் கட்டிய ஊர்களையும் அப்படியே ஒப்பிட முடியாது, ஏனென்றால் பின்தங்கிய இடங்களில்தான் அதிகம் கட்டினார்கள். பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ 2001இல் வெளியிட்ட கட்டுரையில், பள்ளி வந்தபோது சின்னக் குழந்தைகளாக இருந்தவர்களுக்கும், பள்ளி வயதைத் தாண்டிவிட்டவர்களுக்கும் உள்ள இடைவெளியை ஊருக்கு ஊர் ஒப்பிட்டார். அதோடு விடாமல், பள்ளியால் எந்தப் பயனும் அடைந்திருக்க முடியாத இரண்டு மூத்த வயதுக் குழுக்களை வைத்து அதே கணக்கைப் போட்டுக் காட்டினார், அங்கே ஒன்றும் தென்படக் கூடாது, தென்படவில்லை. உங்கள் கட்டுரையிலும் "இங்கே ஒன்றும் வரக் கூடாது" என்று ஒரு சோதனை இருக்கிறதா? இல்லையென்றால் அதைத்தான் கேட்கப்போகிறார்கள்.

அடுத்தது கசிவு. திட்டம் கொடுக்காமல் ஒப்பிட மட்டும் வைத்திருக்கும் குழுவுக்கும் பலன் போய்ச் சேர்ந்திருந்தால்? கென்யாவில் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்த திட்டம் பற்றி எட்வர்ட் மிகெல், மைக்கேல் கிரெமர் இருவரும் 2004இல் எழுதிய கட்டுரை இதற்குப் பாடநூல் உதாரணம். ஒரே பள்ளிக்குள் பாதிப் பேருக்கு மாத்திரை கொடுத்தால், தொற்று குறைவதால் கொடுக்காத பாதிக்கும் நன்மை, அப்போது வித்தியாசமே தெரியாது. அதனால் பள்ளி பள்ளியாகப் பிரித்தார்கள். அதே கட்டுரையின் தரவை வேறு ஆட்கள் மறுபடி அலசி 2015இல் வெளியிட்டதும் பெரிய சண்டை கிளம்பியது. ஆகவே இன்னொன்றும் சொல்கிறேன், நிரல்களையும் தரவையும் இன்னொருவர் ஓட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்ட பிறகு மேடை ஏறுங்கள்.

பிறகு, அளந்த விதம். "பெண்கள் வீட்டு முடிவுகளில் பங்கேற்பது கூடியது" என்கிறீர்கள், அது பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் ஆளே வந்து கேட்டபோது அவர் மனம் கோணாமல் சொன்ன பதிலா? இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பில் எத்தனை பேர் காணவில்லை, அவர்கள் இரண்டு குழுவிலும் ஒரே அளவில் காணாமல் போனார்களா? தாக்கம் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லையா, அல்லது இருந்தாலும் தெரியாத அளவுக்கு மாதிரி சின்னதா? நாற்பது விளைவுகளை அளந்துவிட்டு நட்சத்திரம் விழுந்த (புள்ளியியல்படி தற்செயல் இல்லை என்று குறி போட்ட) மூன்றை மட்டும் காட்டுகிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எதை அளக்கப்போகிறோம் என்று ஆய்வுக்கு முன்பே எழுதிப் பதியும் முன்பதிவு என்ற பழக்கமே வந்தது. அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2013இல் சோதனைகளுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கியது, 2018 முதல் அதன் பத்திரிகைகளுக்குக் களச்சோதனைக் கட்டுரை அனுப்புகிறவர்கள் அதில் பதிந்திருக்க வேண்டும்.

"இது வேறு இடத்தில் பலிக்குமா?" என்பது நிச்சயம் வரும். "பலிக்கும் என்று நம்புகிறோம்" என்பது பதில் ஆகாது. குறுங்கடன் விஷயத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள். போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாடுகளில் தனித்தனியே நடந்த ஆய்வுகள் 2015இல் ஒரே இதழில் சேர்ந்து வந்தன. ஏழைகளின் வாழ்க்கையையே புரட்டிப்போடும் என்று சொல்லப்பட்ட கடன், எங்கேயும் சராசரி வருமானத்தைப் பெரிதாக உயர்த்தவில்லை. உங்களிடம் ஆறு நாடு இருக்காது, பரவாயில்லை. உங்கள் களத்தில் எந்தச் சூழ்நிலை இருந்ததால் அது வேலை செய்தது, அந்தச் சூழ்நிலை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று யோசித்துச் சொன்னாலே போதும்.

கடைசியாக, செலவு. ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஆயிற்று, அந்தப் பணத்தை நேரடியாகக் கையில் கொடுத்திருந்தால்? இதற்கு எண்ணோடு பதில் சொல்ல முடிகிறவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு.

கேள்வி கேட்பவர் மடக்கப் பார்க்கிறார் என்றால்?

பெரும்பாலான கேள்விகளில் வன்மம் இல்லை, அந்தக் குரலே அப்படித்தான். ஆனால் எல்லாமே அப்படி என்று சொல்லி மழுப்பவும் முடியாது. பாஸ்கலின் டூபா உள்ளிட்ட ஒரு குழு நூற்றுக்கணக்கான பொருளியல் செமினார்களில் ஆள் உட்கார வைத்துக் கேள்விகளைக் குறித்து, 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. பெண்கள் பேசும்போது கேள்விகள் அதிகம் வருகின்றன, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலவும் பகைமையோடும் வருபவையும் அதிகம் என்று அதில் தெரிந்தது. அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2018இல் நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. முதல் பத்து நிமிடம் கேள்வியே கேட்கக் கூடாது என்று சில துறைகளில் விதி வைத்திருக்கிறார்கள், நல்ல விதி. அப்படி இல்லாத இடத்தில் பேசப்போகிறீர்கள் என்றால் "எட்டாவது ஸ்லைடில் இதற்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நகரப் பழகுங்கள். ஒருவர் விடாப்பிடியாக நின்றால் அவரை அடக்குவது அமர்வுத் தலைவரின் வேலை, உங்கள் வேலை இல்லை. தலைவர் தூங்குகிறார் என்றால் "இதை முடிந்த பிறகு பேசலாமே" என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், மற்றவர்கள் உள்ளுக்குள் கை தட்டுவார்கள்.

பதில் தெரியாவிட்டால்?

"தெரியாது, பார்க்கிறேன்." எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். தெரியாததைத் தெரிந்ததுபோல நீட்டினால் அடுத்த மூன்று கேள்விகளும் அதே இடத்தில்தான் விழும். அறையில் ஒரு நண்பரை உட்கார வைத்து எல்லாக் கேள்விகளையும் குறிக்கச் சொல்வது பழைய தந்திரம், பேசும்போது காதில் விழுவதில் பாதி மேடையை விட்டு இறங்கியதும் மறந்துபோகும்.

கருத்துரையாளராக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

இன்னொருவர் கட்டுரையை முழுசாகப் படித்து ஐந்து முதல் பத்து நிமிடம் பேச வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு, அந்தக் கட்டுரையை மறுபடி சுருக்கிச் சொல்வது, இப்போதுதான் ஆசிரியரே சொல்லி முடித்தார் ஐயா. அச்சுப் பிழைகளையும் மேடையில் வாசிக்காதீர்கள், தனியே அனுப்புங்கள். இரண்டே விஷயம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் "இதை இப்படிச் செய்து பார்க்கலாம்" என்று ஒரு வழியும் சொல்லுங்கள். முதல் முறை ஒப்புக்கொள்கிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு, அந்த ஆசிரியர் உங்களை மறக்கமாட்டார்.

நான் பேசப்போவதில்லை, கேட்க மட்டும் போகலாமா?

கண்டிப்பாக. முதல் வருடத்தில் அதுவே சரி. போகும் முன் நான்கைந்து கட்டுரைகளின் முன்னுரையையாவது படித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாள் மதியம் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். கேள்வி கேட்பதென்றால் ஒரு மூச்சில் கேட்டு நிறுத்துங்கள். "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பிப்பவர்களை எந்த நாட்டு அறையும் ஒரே மாதிரிதான் பார்க்கும்.

பெரிய பெயர்களைத் துரத்தாதீர்கள். அவர்களைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். உங்கள் வயதில், உங்கள் நிலையில் இருக்கும் ஆட்களோடு பேசுங்கள், அடுத்த இருபது வருடம் நீங்கள் சேர்ந்து எழுதப்போவதும் ஒருவர் கட்டுரையை ஒருவர் மதிப்பிடப்போவதும் அவர்களோடுதான்.

மேடையில் சொன்னால் யோசனையை யாராவது திருடிவிடமாட்டார்களா?

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, நடப்பது அபூர்வம். களத்தில் தரவு திரட்டவே இரண்டு மூன்று வருடம் ஆகும் துறை இது, ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் யாரும் முந்த முடியாது. பொதுத் தரவை வைத்துச் செய்யும் வேலை என்றால் கொஞ்சம் ஜாக்கிரதை தேவைதான். அப்போதும் மறைப்பதைவிட ஒர்க்கிங் பேப்பராக (பத்திரிகையில் வரும் முன் பொதுவில் சுற்றும் வரைவுக் கட்டுரையாக) தேதியோடு போட்டுவிடுவது நல்ல காப்பு.

மாநாட்டில் பேசினால் அது பிரசுரம் ஆனதாகக் கணக்கா?

கணினி அறிவியலில் ஆமாம், பொருளியலில் இல்லை. ஒருசில விதிவிலக்குகளைத் தவிர மாநாட்டுக்கென்று தொகுப்பு நூல் வருவதில்லை. கட்டுரை ஒர்க்கிங் பேப்பராகச் சுற்றும், பத்து இடத்தில் அடிபடும், பத்திரிகைக்குப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். கென்யாவில் 653 கிராமங்களில் குடும்பத்துக்குச் சுமார் 1,000 டாலர் ரொக்கமாகக் கொடுத்து, பணம் வாங்காத வீடுகளுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2019 கடைசியில் ஒர்க்கிங் பேப்பராக வந்தபோதே உலகமெங்கும் பேசினார்கள், எகனாமெட்ரிகா இதழில் அச்சானது 2022இல். அதுவும் எல்லோருக்கும் தெரிந்த ஆட்கள் எழுதியது. நமக்கெல்லாம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போகப் பணம் யார் தருவார்கள்? போலி மாநாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

சில மாநாடுகள் வருமானம் குறைந்த நாடுகளிலிருந்து வருபவர்களுக்குப் பயணச் செலவு தருகின்றன, ஆனால் விண்ணப்பத்திலேயே கேட்டாக வேண்டும், தேர்வான பிறகு கேட்டால் கதவு மூடியிருக்கும். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். விசாவுக்குத் தேர்வுக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். ஏழை நாடுகளைப் பற்றிய மாநாட்டுக்கு ஏழை நாட்டு ஆய்வாளர் விசா கிடைக்காமல் வர முடியாமல் போவது இந்தத் துறையின் பெரிய அவமானம், வருடா வருடம் நடக்கிறது. முன்கூட்டியே ஏற்பாட்டாளர்களிடம் சொல்லிவைத்தால் இணையவழியில் பேச வைப்பார்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். கேட்காமலே மின்னஞ்சல் வரும், உங்களை "மாண்புமிகு பேராசிரியர்" என்று அழைக்கும், பொருளியலும் பல் மருத்துவமும் ஒரே மேடையில் இருக்கும், அனுப்பிய இரண்டே நாளில் ஏற்றுக்கொள்வார்கள், உடனே பணம் கட்டச் சொல்வார்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள், அந்தத் துறையில் அவர்கள் எழுதிய ஒரு கட்டுரையாவது தட்டுப்படவில்லை என்றால் குப்பையில் போடுங்கள்.

இணையவழி செமினார்கள் பயனுள்ளவையா?

கேட்பதற்கு அருமை. 2020க்குப் பிறகு, முன்பு ஒருசில ஊர்களில் மட்டும் கேட்கக் கிடைத்த பேச்சுகள் எங்கிருந்தும் கேட்கக் கிடைக்கின்றன. பேசுவதற்கு அவ்வளவு சுகமில்லை. முகம் தெரியாத கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசும்போது எங்கே புரியவில்லை என்று பிடிபடாது. இடைவேளையில் காபிக் கோப்பையோடு நின்று பேசும் பத்து நிமிடமும் கிடைக்காது.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

இந்த அறைகளில் பாதிப் பேருக்கு அது தாய்மொழி இல்லை. முதல் இரண்டு நிமிடத்துக்கான வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், அப்புறம் தானாக ஓடும். கேள்வி புரியவில்லை என்றால் "இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். ஆங்கிலம் தண்ணி பட்ட பாடாக இருப்பவர்களும் இதைச் செய்கிறார்கள், யோசிக்க அரை நிமிடம் கிடைக்கிறது.

யாரைப் பற்றி ஆய்வோ அவர்கள் யாரும் அறையில் இல்லையே?

உண்மைதான், எனக்கும் உறுத்துகிறது. நான்கு மணி நேரம் கணக்கெடுப்புக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களுக்கு முடிவு என்ன என்று யாரும் போய்ச் சொல்வதில்லை. சில குழுக்கள் மாநாட்டுக்கு முன்பே களத்துக்குத் திரும்பிப் போய், ஊர்க்கூட்டத்தில் அவர்கள் மொழியில் முடிவுகளைச் சொல்லிவிட்டு வருகின்றன. நான் ஒரு முறைதான் செய்திருக்கிறேன். எங்கள் வரைபடத்தில் ஒரு மாதம் மட்டும் செலவு திடீரென்று ஏறியிருந்தது, திட்டத்தின் பலன் என்று இரண்டு செமினார்களில் விளக்கமும் கொடுத்திருந்தோம். கூட்டத்தில் ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "அந்த மாசம் ஊர்ல நாலு கல்யாணம்" என்றார். எந்தச் செமினாரிலும் வராத கேள்வி.

திரும்பி வந்த பிறகு என்ன செய்வது?

இரண்டு நாளுக்குள் குறிப்புகளை உட்கார்ந்து தட்டச்சு செய்யுங்கள், மூன்றாம் நாள் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள். பலர் கேட்டது என்றால் கட்டுரையில் ஓட்டை இருக்கிறது, அல்லது நீங்கள் சொன்னது புரியவில்லை, இரண்டில் எது என்று பாருங்கள். ஒருவர் மட்டும் கேட்டது, ஆனால் இரவில் தூக்கம் வரவிடாமல் செய்வது என்றால் அதை முதலில் எடுங்கள். மற்றவற்றைப் பின்னிணைப்பில் ஒரு பத்தியாகத் தீர்த்துவிடலாம். நல்ல யோசனை கொடுத்தவருக்கு நான்கு வரி எழுதுங்கள், அவர் சொன்னதைச் செய்து பார்த்ததும் என்ன வந்தது என்று இன்னொரு முறை எழுதுங்கள். அந்த இரண்டாவது கடிதத்தை அனேகமாக யாரும் எழுதுவதில்லை.